பெரிய சொல் போட்டால் மரியாதை வந்துவிடாது: ஆங்கிலம் கற்றுத்தருவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கும், ஆங்கிலப் பாடநூல், பயிற்சிநூல் எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். கடிதம் எழுதுவது பற்றிய பாடம் வந்தால் உங்கள் நூல்களில் கூடவே ஒரு அட்டவணையும் வந்துவிடுகிறது. இடது பக்கம் 'இன்ஃபார்மல்', வலது பக்கம் 'ஃபார்மல்'. 'கெட்' எழுதாதே, 'அப்டெய்ன்' எழுது. 'ஆஸ்க்' வேண்டாம், 'இன்க்வயர்' போடு. 'ஹெல்ப்' என்றால் 'அசிஸ்ட்', 'ஸ்டார்ட்' என்றால் 'கமென்ஸ்', 'சாரி' என்றால் 'அபாலஜைஸ்'. இடது பக்கத்தை எடுத்துவிட்டு வலது பக்கத்தை வைத்தால் கடிதம் ஃபார்மல் ஆகிவிடும், ஃபார்மல் ஆனால் மரியாதை வந்துவிடும், இதுதான் மாணவர் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு போகிற பாடம். அந்த அட்டவணையை நீக்கிவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

பிறர் எழுதும் ஆங்கில மெயில்களையும் விண்ணப்பங்களையும் படித்துத் திருத்தித் தருவது என் அன்றாட வேலை. இலக்கணப் பிழை எனக்குப் பெரிய கவலையே இல்லை, ஒரு எழுத்தைச் சேர்த்தால், ஒரு காலத்தை மாற்றினால் சரியாகிவிடும். அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள் எழுதுவதுதான் கஷ்டம். இலக்கணம் சுத்தமாக இருக்கும், எழுத்துப்பிழை ஒன்றுகூட இருக்காது, இருந்தும் படிக்கிறவர் முகம் சுருங்கும். ஏன் சுருங்கியது என்று எழுதியவருக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள், ஏனென்றால் அது பிழை என்று சுட்டிக்காட்டக்கூடிய இடத்தில் இல்லை.

ஒன்றை மட்டும் முழுதாகக் காட்டுகிறேன். உடன் வேலை செய்பவரின் தந்தை இறந்துவிட்டார். ஆறுதல் சொல்ல நினைத்த ஓர் இளைஞர், மனமார நினைத்தவர், எழுதியது இது: 'ஐ அபாலஜைஸ் ஃபார் தி டிமைஸ் ஆஃப் யுவர் ஃபாதர்.' அட்டவணைப்படி எல்லாம் சரி. 'சாரி'க்கு 'அபாலஜைஸ்', 'டெத்'துக்கு 'டிமைஸ்'. ஆனால் ஆங்கிலம் அறிந்தவர் காதில் அது விழுவது 'உங்கள் தந்தை இறந்ததற்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்' என்றுதான், இவர்தான் ஏதோ செய்துவிட்டதுபோல. 'சாரி' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது: பிறர் துன்பத்துக்கு வருந்துவது ஒன்று, நம் தவறுக்கு மன்னிப்புக் கேட்பது இன்னொன்று. 'அபாலஜைஸ்' இரண்டாவதை மட்டும்தான் செய்யும். 'ரிக்ரெட்' வேறு வகை. 'இடையூறுக்கு வருந்துகிறோம்' என்று நிறுவனங்கள் அந்தச் சொல்லை விரும்பிப் போடுவதற்குக் காரணமே, வருத்தத்தைச் சொல்லிவிடலாம், தவறு எங்களுடையது என்று ஒப்புக்கொள்ளத் தேவையில்லை என்பதுதான். 'டிமைஸ்' சட்டப் பத்திரத்திலும் செய்தித்தாளிலும் வரும், ஒரு நிறுவனம் மூடப்பட்டதைச் சொல்லவும் வரும், துக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற சொல் இல்லை அது. அந்த இளைஞர் எழுதியிருக்க வேண்டியது 'ஐ அம் சோ சாரி அபவுட் யுவர் ஃபாதர்'. அவ்வளவுதான். நண்பனுக்கும் அதை எழுதலாம், நிறுவனத் தலைவருக்கும் அதையே எழுதலாம்.

சில எளிய சொற்களில் சொல்ல வேண்டிய ஆறுதல் ஏன் இப்படித் திரும்பிப் போனது? மரியாதையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நம் மொழியில் அதற்கென்று இடம் இருக்கிறது. நீ, நீங்கள், வா, வாருங்கள், வந்தான், வந்தார். வாய் திறந்தாலே மரியாதை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும், அதற்குத் தனியாகச் சொல் தேட வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ஒருமைக்கு 'தவ்', பன்மைக்கும் மரியாதைக்கும் 'யூ' என்று இருந்தது. 17-ஆம் நூற்றாண்டுவாக்கில் பொது வழக்கிலிருந்து 'தவ்' உதிர்ந்துபோய், மன்னரிலிருந்து குழந்தைவரை எல்லாருக்கும் 'யூ' என்றாகிவிட்டது. நம் ஆள் ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது கை தானாக அந்த 'ங்கள்' விகுதியைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, கிடைத்ததெல்லாம் நீங்கள் கொடுத்த வலது பக்கச் சொற்கள். நீளமாக இருக்கிறது, கனமாக இருக்கிறது, இதுதான் மரியாதை போல என்று அள்ளி வைத்துவிடுகிறார்.

ஆங்கிலம் மரியாதையைப் பெரும்பாலும் வாக்கியத்தின் அமைப்பில் வைக்கிறது. 'குட் யூ', 'உட் யூ மைண்ட்', 'ஐ வாஸ் ஒண்டரிங் இஃப் யூ குட்' என்று தொடங்கும் வாக்கியங்களைப் பாருங்கள், எல்லாம் தினசரிச் சொற்கள்தான். மரியாதை எங்கே வருகிறது என்றால், கேட்கப்படுபவர் முடியாது என்று சொல்ல அவை இடம் விடுகின்றன. இப்போது கேட்கிற உதவியை இறந்தகாலத்தில் கேட்பதுகூட அதற்காகத்தான், கொஞ்சம் தள்ளி நின்று கேட்பதுபோல. இதைப் பாடத்தில் விரிவாகச் சொல்வதை விட்டுவிட்டு 'ப்ளீஸ்'ஸுக்கு மேலே 'கைண்ட்லி' என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்று 'கைண்ட்லி' பல இடங்களில் கண்டிப்பின் தொனியோடுதான் வருகிறது. 'கைண்ட்லி ரிஃப்ரெய்ன்', அதாவது இதைச் செய்யாதீர்கள், என்று பலகையில் எழுதியிருந்தால், இதற்கு முன்னால் யாரோ செய்து மாட்டிக்கொண்டார்கள் என்று பொருள். பணிவாகக் கேட்பதாக நினைத்து ஒருவர் மெயிலில் மூன்று தடவை 'கைண்ட்லி' போட்டால், படிக்கிறவருக்கு மூன்று தடவை விரலை நீட்டியதுபோல இருக்கிறது.

ஃபார்மல் என்பது தூரத்தைக் காட்டும். மரியாதை அதிலிருந்து தனியான சங்கதி. 'யுவர் சர்வீசஸ் ஆர் நோ லாங்கர் ரிக்வயர்ட்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். படு ஃபார்மல், ஒரு சொல்கூடக் கொச்சை இல்லை. வேலையை விட்டு அனுப்பப்படுகிறவருக்கு அதில் கடுகளவாவது மரியாதை தெரியுமா? மறுபக்கம், 'தேங்க் யூ, ஐ குட்ன்ட் ஹேவ் டன் இட் வித்தவுட் யூ' என்று ஆசிரியருக்கு ஒரு மாணவர் எழுதினால் அதில் சுருக்க வடிவம் இருக்கிறது, எளிய சொற்கள் இருக்கின்றன, அதைவிட மரியாதையாக எழுத முடியாது. இந்த இரண்டும் வேறு வேறு என்று பாடத்தில் ஒரு வரியாவது வந்திருந்தால், என் கைக்கு வரும் மெயில்களில் பாதிக்குத் திருத்தமே தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகம் ஆதங்கம் தருவது: உங்கள் இடது பக்கத்துக்குத் தலைப்பே தவறு. 'ஆஸ்க்', 'ஹெல்ப்', 'ஸ்டார்ட்', 'நீட்' எதுவும் இன்ஃபார்மல் சொற்கள் இல்லை, அவை பொதுச் சொற்கள். தீர்ப்பிலும் வரும், தெருப்பேச்சிலும் வரும். ஆங்கிலம் கற்போருக்கென்றே வரும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியை, ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி தொடங்கிவைத்த அகராதியை, எடுத்துப் பாருங்கள். 'கமென்ஸ்' என்ற சொல்லின் பக்கத்தில் ஃபார்மல் என்று குறி இருக்கும். 'கிட்' என்ற சொல்லுக்குக் குழந்தை என்ற பொருளில் இன்ஃபார்மல் என்று குறி இருக்கும். 'ஸ்டார்ட்' என்ற சொல்லுக்கு அப்படி ஒரு குறியும் கிடையாது. குறி இல்லாததற்கு அர்த்தம், எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்பது. ஆங்கிலத்தின் பெரும்பகுதி இந்தக் குறியில்லாத நடுப்பகுதிதான், அட்டவணை போட்டவர்கள் அதை அப்படியே தூக்கி இடது பக்கம் தள்ளிவிட்டார்கள். அமெரிக்க மொழியியலாளர் மார்ட்டின் ஜூஸ் 1960-களின் தொடக்கத்திலேயே ஆங்கில நடையை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார்: மாற்றமுடியாதபடி உறைந்த நடை, ஃபார்மல், கலந்துபேசும் நடை, சாதாரண நடை, மிக நெருங்கியவர்களுக்கான நடை. வேலைக்கான மெயில்கள் அநேகமாக நடுவில் இருக்கும் படியில்தான் ஓடுகின்றன. நாம் மாணவருக்குக் கொடுத்தது இரண்டு படி, அதிலும் ஒன்றைத் தொடாதே என்று சொல்லிக் கொடுத்தோம்.

இந்த இரட்டைச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்ற கதையை வகுப்பில் ஒருமுறை சொன்னாலே மாணவருக்குப் பாதி புரிந்துவிடும். 1066-இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அரண்மனை, நீதிமன்றம், நிர்வாகம் எல்லாம் பிரெஞ்சு பேசின, மக்கள் ஆங்கிலம் பேசினார்கள், தேவாலயமும் கல்வியும் லத்தீனில் நடந்தன. மக்களுக்கு வழக்காடும் மொழி புரியவில்லை என்று 1362-இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது, அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்துவிட்டன, அப்புறம் லத்தீனிலிருந்து நேராகவும் வந்தன. அதனால்தான் பழைய ஆங்கிலத்து 'ஆஸ்க்' ஒன்று, பிரெஞ்சு வழி வந்த 'கொஸ்டின்' ஒன்று, லத்தீனிலிருந்து வந்த 'இன்டராகேட்' ஒன்று என்று ஒரே இடத்தில் மூன்று நிற்கின்றன. மூன்றும் ஒரே பொருளில் நீடித்திருந்தால் இரண்டு செத்துப்போயிருக்கும். ஆளுக்கொரு வேலை கிடைத்ததால் பிழைத்தன. 'ஆஸ்க்' யார் வேண்டுமானாலும் செய்யலாம், 'கொஸ்டின்' என்றால் கொஞ்சம் சந்தேகம் கலந்துவிடும், 'இன்டராகேட்' காவல்துறை செய்வது. ஆனால் பழைய ஆங்கிலம் என்றால் எளிது, வந்தது என்றால் கனம் என்று புது அட்டவணை ஒன்றைப் போட்டுவிடாதீர்கள். 'பே', 'யூஸ்', 'க்ரை' எல்லாம் பிரெஞ்சு வழி வந்தவைதான், குழந்தைகூடச் சொல்லும். உடனடியாக என்று பொருள்படும் 'ஃபோர்த்வித்' பழைய ஆங்கிலச் சொற்களே சேர்ந்து உருவானது, சட்டப் புத்தகத்துக்கு வெளியே யாரும் அதிகம் சொல்வதில்லை.

ஆகவே சொல்லை மாற்றினால் பொருளும் நகரும். 'கெட்' என்ற இடத்தில் எல்லாம் 'அப்டெய்ன்' வைக்கச் சொன்னால், சளி பிடித்ததை 'ஐ அப்டெய்ன்ட் எ கோல்டு' என்று எழுதுவார்கள், முயன்று பெற்றதுபோல. அனுமதியை 'அப்டெய்ன்' செய்யலாம், வீட்டுக்குப் போய்ச் சேர்வதை முடியாது. காரை 'ஸ்டார்ட்' செய்யலாம், 'கமென்ஸ்' செய்ய முடியாது. தண்ணீரில் மூழ்குகிறவர் 'ஹெல்ப்' என்றுதான் கத்துவார். சம்பள உயர்வு கேட்கும் கடிதத்தில் 'ஆஸ்க்' தாழ்வாக இருக்கிறதே என்று 'டிமாண்ட்' போட்டவரை எனக்குத் தெரியும், பாவம், அவர் கேட்கத்தான் நினைத்தார், மிரட்ட நினைக்கவில்லை. இவையெல்லாம் பரவாயில்லை, சட்டென்று தெரிந்துவிடும். 'லுக் இன்டு' போன்றவற்றை மாற்றுவதுதான் ஆபத்து. வாடிக்கையாளர் புகாருக்கு 'வீ வில் லுக் இன்டு இட்' என்று பதில் போனால் 'கவனிக்கிறோம்' என்று நிம்மதியாக இருப்பார். அதையே 'வீ வில் இன்வெஸ்டிகேட் யுவர் கம்ப்ளெய்ன்ட்' என்று உயர்த்தி எழுதினால், பெரிய தவறு நடந்திருக்கிறது போல என்றோ, நம் புகார் உண்மையா என்று நம்மையே விசாரிக்கப் போகிறார்களோ என்றோ அவருக்கு ஒரு சந்தேகம் முளைக்கிறது. தேவையான இடத்தில் அந்தச் சொல் மிகச் சரியான சொல்தான். மோசடி நடந்திருந்தால் 'இன்வெஸ்டிகேட்' என்றே எழுத வேண்டும்.

சுருக்க வடிவங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 'டோன்ட்' எழுதாதே, 'டூ நாட்' என்று விரித்து எழுது என்பதை இயந்திரம்போலச் சொல்லித்தருகிறோம். 'ஒய் டோன்ட் யூ சிட் டவுன்?' என்பது உபசரிப்பு, உட்காருங்களேன் என்பது. விரித்து 'ஒய் டூ யூ நாட் சிட் டவுன்?' என்று எழுதிப் பாருங்கள், ஏன் உட்காராமல் நிற்கிறாய் என்ற விசாரணையாகிவிட்டது. ஒரு எழுத்துகூடப் புதிதாகப் பொருள் சேர்க்கவில்லை, விரித்ததே பொருளை மாற்றிவிட்டது. பேச்சிலும் அப்படித்தான். 'ஐ டோன்ட் நோ' என்றால் தெரியவில்லை. நிறுத்தி 'ஐ டூ நாட் நோ' என்றால், எத்தனை தடவை கேட்பாய் என்று எரிச்சல்படுவதுபோலக் கேட்கும். ஆய்வுக் கட்டுரையில் விரித்து எழுதும் மரபு உண்டு, சரி, அங்கே எழுதட்டும். நேர்முகத் தேர்வில் பேசும்போதும் விரித்துப் பேசுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன், விறைப்பானவர்கள் என்ற பெயரை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

'பட்' வந்தால் 'ஹவெவர்' போடு என்பதும் இதே வகை. இரண்டுக்கும் நிறுத்தக்குறி வேறு. 'பட்' இரண்டு வாக்கியத்தை ஒரு காற்புள்ளியோடு இணைக்கும், 'ஹவெவர்' இணைக்காது, முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். அதைச் சொல்லாமல் சொல்லை மட்டும் மாற்றச் சொன்னதால், சரியாக இருந்த வாக்கியம் பிழையாகிறது. 'லுக் இன்டு' போல வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து வரும் 'ஃப்ரேசல் வெர்ப்' என்றாலே பேச்சுமொழி, ஃபார்மல் எழுத்தில் வரக்கூடாது என்றும் சொல்கிறோம். மொழியியலாளர் டக்ளஸ் பைபரும் உடன் ஆய்வாளர்களும் கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட உண்மையான பேச்சையும் எழுத்தையும் திரட்டி ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட இலக்கணத்தில், அவை பேச்சிலும் கதையிலும் அதிகம், ஆய்வு எழுத்தில் குறைவு என்பது உண்மையாகவே காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் 'கேரி அவுட்' போன்ற சில ஆய்வு எழுத்திலேயே சகஜம். சோதனையை 'கேரி அவுட்' செய்ததாக எழுதாத அறிவியல் கட்டுரைத் துறை உண்டா?

கனமான சொல் படிக்கிறவரைக் கவரும் என்ற நம்பிக்கையாவது உண்மையா என்றால், அதுவும் இல்லை. உளவியல் ஆய்வாளர் டேனியல் ஓப்பன்ஹைமர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான கட்டுரைகளை எடுத்து, சொற்களுக்குப் பதிலாக அகராதியில் கிடைத்த நீளமான மாற்றுச் சொற்களை வைத்துப் படிக்கக் கொடுத்தார். சொல் நீள நீள, எழுதியவரைப் பற்றிய மதிப்பு குறைந்தது. அரசாங்கங்களே இதை உணர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அதிகாரிகள் எழுதுவது மக்களுக்குப் புரிய வேண்டும் என்று பிரிட்டனின் நிதித்துறை ஏர்னஸ்ட் கவர்ஸ் என்பவரைக் கேட்டுக்கொண்டு வழிகாட்டி எழுதவைத்தது, அது 1948-இல் வெளியானது. அமெரிக்காவில் 2010-இல் மத்திய அரசு அலுவலகங்கள் எளிய மொழியில் எழுத வேண்டும் என்று சட்டமே வந்தது. அந்த மொழி பிறந்த ஊரில் கழற்றிப்போட்ட சட்டையை நாம் நம் பிள்ளைகளுக்கு இஸ்திரி போட்டு மாட்டிவிடுகிறோம்.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு, மறுக்கவில்லை. முன்பின் தெரியாதவருக்கு 'ஹே' என்று தொடங்குவது, விண்ணப்பத்தில் 'வாண்ட் டு', 'கோயிங் டு' என்பதைப் பேச்சில் சொல்வதுபோல 'வானா', 'கானா' என்று எழுதுவது எல்லாம் கூடாது, அதைச் சொல்லித்தரத்தான் வேண்டும். ஒப்பந்தத்தில் 'டெர்மினேட்' என்ற சொல்லுக்குத் துல்லியமான சட்டப் பொருள் இருக்கிறது, அங்கே 'எண்ட்' போட்டால் போதாமல் போகலாம். ஃபார்மல் சொற்களைக் கற்றுத்தராதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை.

அட்டவணைக்குப் பதிலாக என்ன வைக்கலாம் என்று கேட்பீர்கள். ஒரே செய்தியை நான்கு பேருக்கு எழுதவையுங்கள். நாளை வரமுடியாது என்ற செய்தியே போதும்: நண்பருக்கு, தினமும் பார்க்கும் மேலாளருக்கு, ஒருமுறைகூடப் பார்த்திராத அதிகாரிக்கு, அப்புறம் உடல்நலமில்லாமல் இருக்கும் ஒரு பெரியவருக்கு. எழுதி முடித்ததும் எந்த இடத்தில் சொல் மாறியது, எந்த இடத்தில் வாக்கியம் மட்டும் மாறியது என்று அவர்களையே அடிக்கோடு போடச் சொல்லுங்கள். சொற்கள் அவ்வளவாக மாறியிருக்காது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பொதுப்பயிற்சிப் பிரிவில் முதல் எழுத்துவேலையே 150 சொல்லுக்குக் குறையாத ஒரு கடிதம்தான், யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பார்த்து நடையைத் தேர்ந்துகொள்வதும் அங்கே மதிப்பிடப்படுகிறது. அட்டவணை அதற்குக்கூட உதவாது. அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள், பொருள் பார்ப்பதோடு மூடிவிடுகிறார்கள். மாற்றுச் சொல் ஒன்றைத் தந்தால், அது உட்காரும் வாக்கியம் ஒன்றையும் உட்காராத வாக்கியம் ஒன்றையும் சேர்த்தே தாருங்கள்.

ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஃபார்மல் கடிதத்தில் 'ஹெல்ப்' என்று எழுதிய மாணவருக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். அங்கே சிவப்பு மையில் 'அசிஸ்ட்' என்று எழுதப்படும் ஒவ்வொரு தடவையும், தான் இயல்பாக எழுதியது தப்பு என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துகொள்கிறது. பத்து வருடம் கழித்து அந்த முடிவோடுதான் மெயில் எழுத உட்காருகிறது.

நூல் எழுதுகிறவர்கள் அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தை மாற்றுவதாக இருந்தால் எடுத்துக்காட்டுகளுக்கு அலைய வேண்டாம். நான் திருத்திய மெயில்களில், எழுதியவர்கள் சம்மதித்தவற்றை மட்டும், பெயரும் அடையாளமும் நீக்கித் தருகிறேன். திருத்துவதற்கு முன் இருந்ததும் பின் இருந்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஏன் மாற்றினேன் என்ற குறிப்போடு. பணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்கள் எழுதுவதைத் தினமும் படிக்கும் ஒருவர்